அறங்காவலர்கள் யாருக்குக் காவலர்கள்?

கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. சரக்கேற்றி இறக்கும் வேலைக்காக விடியுமுன்னே வந்து காத்து நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே, கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். முட்டி மோதி வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்றைக்கு வேலை உண்டு. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். இந்த இழிவை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை சுட்டது. அந்தச் சூட்டிலும் அதைத் தொடர்ந்த ஒடுக்குமுறையிலும் மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். 2023இல் திரைக்கு வந்த ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ என்ற மலையாளப் படம் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அந்தத் தெருக்களிலிருந்து சிறிது தொலைவில், ஃபோர்ட் கொச்சியில், நீரைப் பார்த்தபடி ஆஸ்பின்வால் மாளிகை நிற்கிறது. 1867இல் ஜான் ஆஸ்பின்வால் என்ற ஆங்கில வணிகர் தொடங்கிய நிறுவனம் மிளகையும் இஞ்சியையும் மஞ்சளையும் கயிற்றையும் கப்பலேற்றிய கிடங்குகள் இவை. 2012 டிசம்பர் 12 முதல் இதே கிடங்குகள்தாம் கொச்சி–முசிறிஸ் பினாலேயின் முதன்மைக் களம். ஈராண்டுக்கு ஒருமுறை நடத்துவதாகத் தொடங்கப்பட்ட உலகக் கலைக் கண்காட்சி இது. முசிறி என்ற பெயர் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு திரும்பிய துறையாகச் சங்கப் பாடல்கள் அதைப் பேசுகின்றன. அந்தப் பொதிகளைச் சுமந்த தோள்கள் யாருடையவை என்பதைத்தான் அவை அதிகம் பேசவில்லை.

இந்த விழாவைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கித் தள்ளுவது நேர்மையாகாது. தில்லி, மும்பைக் கலைக்கூடங்களின் குளிரூட்டப்பட்ட அறைகளில் கால் வைத்திராத மக்கள், பழைய பண்டகசாலைகளுக்குள் குடும்பத்தோடு வந்து உலகக் கலைஞர்களின் ஆக்கங்களின் முன் நின்றார்கள். முதல் பதிப்புக்கே ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வந்ததாகக் கணக்குச் சொல்லப்பட்டது. அரசுக் கலைக்கல்லூரி மாணவர்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. சாதி, மதவெறி, போர், அகதிகள், கடல்மட்ட உயர்வு ஆகியவற்றைப் பேசும் ஆக்கங்கள் இங்கே ஓரமாக ஒதுக்கப்படுவதில்லை. 2010இல் இரண்டு ஓவியர்களின் முன்முயற்சிக்கு இடது ஜனநாயக முன்னணி அரசும், அன்றைய பண்பாட்டுத்துறை அமைச்சர் எம்.ஏ. பேபியும் ஆதரவளித்தது தவறான முடிவும் அன்று. பொதுப்பணம் கலைக்குச் செல்வதைக் குற்றமெனக் கூவியவர்கள் அன்றே இருந்தார்கள். அவர்களுடைய வாதம் விவாதிக்கத் தகுந்ததன்று.

விவாதிக்க வேண்டியது வேறொன்று. இந்த விழாவை யார் ஆள்கிறார்கள்? ஆள்பவர்கள் யாருக்குக் கணக்குச் சொல்கிறார்கள்?

நான்காம் பதிப்பிலிருந்து தொடங்கலாம். 2018 டிசம்பரில் தொடங்கிய அப்பதிப்பின் பொறுப்பாளராக அனிதா துபே இருந்தார். பினாலேயின் வரலாற்றில் இப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர். 1980களில் கே.பி. கிருஷ்ணகுமாரை மையமாகக் கொண்டு, பெரும்பாலும் கேரளக் கலைஞர்களால் உருவான தீவிர ஓவியர் சிற்பியர் சங்கத்தில் இருந்தவர். கலையைச் சந்தைச் சரக்காக்குவதை எதிர்த்து 1987இல் பரோடாவில் அவர்கள் நடத்திய கண்காட்சிக்கு அறிக்கை எழுதியவர். கிருஷ்ணகுமார் 1989இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார், சங்கமும் கலைந்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து அவர் கைக்கு ஒரு பெரும் விழா வந்தபோது, அதற்கு அவர் இட்ட தலைப்பைத் தமிழில் ‘அந்நியமாகாத வாழ்வின் சாத்தியங்கள்’ எனலாம்.

அந்நியமாதல் என்பது மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் விளக்கிய கருத்து. தொழிலாளி தன் உழைப்பின் விளைபொருளிலிருந்தும், உழைக்கும் செயலிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும் பிரிக்கப்படுகிறான். அவன் கட்டிய மாளிகை அவனுக்கே அயலானதாகிறது. இதைத் தலைப்பிலேயே பொறித்துக்கொண்ட விழா, தன் பந்தலைக் கட்டியவர்களிடம் எப்படி நடந்துகொண்டது?

2019 மார்ச் மாதம், விழா முடியும் தறுவாயில், வேலை செய்தவர்களுக்குப் பணம் வந்து சேரவில்லை என்ற குற்றச்சாட்டுகள் பெயரிடாத சமூக ஊடகக் கணக்கொன்றில் வெளியாகத் தொடங்கின. கட்டுமான வேலைகளைச் செய்த ஒப்பந்த நிறுவனம், 77 லட்சம் ரூபாய்க்கும் மேல் நிலுவை இருப்பதாகச் சொல்லிச் சட்ட அறிவிக்கை அனுப்பியது. கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று அறக்கட்டளை மறுத்தது. இதில் எந்தத் தரப்பின் கணக்கு சரி என்பதை இங்கே தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஒப்பந்ததாரர்களும் உத்தமர்கள் அல்லர். பட்டியலை ஊதிப் பெருக்குவது அத்தொழிலில் அறியாத வித்தையன்று.

ஆனால் கேள்வி ஒப்பந்ததாரருடைய பட்டியலைப் பற்றியதன்று. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒரு நெறியைத் தெளிவாக வகுத்திருந்தது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால், முதன்மை வேலையளிப்பவரே அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பின் ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ளலாம். மேலே இருவரும் வழக்காடிக்கொண்டிருக்கும்போது கீழே ஒருவன் பட்டினி கிடக்கக் கூடாது என்பதே இதன் பொருள். ஆகவே, பட்டியல் மிகை என்று மறுப்பு வெளியிடுவது அறக்கட்டளையின் முதல் கடமை ஆகாது. பந்தல் எழுப்பிய ஒவ்வொரு தச்சருக்கும் பற்றவைப்பாளருக்கும் மின்பணியாளருக்கும் கூலி சென்று சேர்ந்ததா என்று பார்த்து, சேர்ந்தது என்ற ஆவணத்தை ஊரறிய வைப்பதே முதல் கடமை. அதைச் செய்யும்படி நிர்ப்பந்திக்க அறங்காவலர் குழுவுக்குள் ஓர் ஆளாவது இருந்தாரா? தொழிலாளர் தரப்புப் பிரதிநிதி என்று ஓர் இருக்கை அங்கே இருந்ததில்லை.

மூன்றாண்டுகள் கழித்து மேடையின் மறுபக்கமும் சரிந்தது. பெருந்தொற்றால் தள்ளிப்போன ஐந்தாம் பதிப்பு 2022 டிசம்பர் 12 அன்று தொடங்குவதாக இருந்தது. உலகெங்கிலுமிருந்து கலைஞர்களும் விருந்தினர்களும் வந்து இறங்கிவிட்டார்கள். திறப்புக்குச் சற்று முன்னர், முதன்மைக் கண்காட்சி 23ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. மழை ஒழுகும் கூடங்கள், வந்து சேராத சரக்குப் பெட்டிகள், நின்று நின்று வரும் மின்சாரம், போதாத ஆட்கள், யாரிடம் கேட்பதென்று தெரியாத நிலை! பங்கேற்ற கலைஞர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுப் பகிரங்கக் கடிதம் வெளியிட்டனர். நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்பது அவர்களுடைய குற்றச்சாட்டின் சாரம். மழையும் புயலும் சுங்கத் தாமதமும் காரணங்கள் என்று அறக்கட்டளை விளக்கியது. டிசம்பர் மாதத்தில் கொச்சியில் மழை பெய்யலாம் என்பது வானியல் வியப்பாகாது.

2018 பதிப்பில் முறையிட்டவர்கள் பந்தல் கட்டியவர்கள். 2022 பதிப்பில் முறையிட்டவர்கள் பந்தலுக்குள் படைப்புகளை வைத்தவர்கள். இரு சாராருக்கும் நடுவே வர்க்க இடைவெளி உண்டு. பன்னாட்டுக் கலைஞரின் கடிதம் பத்திரிகையில் இடம்பெறும் அளவுக்கு மட்டாஞ்சேரித் தச்சரின் முறையீடு இடம்பெறாது. ஆயினும் இருவரும் முட்டி நின்ற கதவு ஒன்றே. உள்ளே முடிவெடுப்பவர்களை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கேள்வி கேட்க அவையில்லை. ஆகவேதான் முன்னவர்கள் பெயர் மறைத்தும், பின்னவர்கள் பெயர் சேர்த்தும் தெருவில் நின்று பேச வேண்டி வந்தது.

உள்ளே இருப்பவர்கள் யார்? 2010இல் பதிவான கொச்சி பினாலே அறக்கட்டளை, இலாப நோக்கற்ற பொது அறக்கட்டளை. தொடக்கக் கலைஞர்களுக்கு அடுத்து, ஓட்டல் தொழிலதிபர், கட்டடக் கலைஞர், ஓய்வுபெற்ற உயர் அதிகாரி, கலைப்பொருள் சேகரிக்கும் செல்வர் என்ற வகையினர் அதன் அறங்காவலராகவும் புரவலராகவும் இருந்து வந்துள்ளனர். அண்மையில் மாநிலத்தின் முன்னாள் தலைமைச் செயலாளர் வி. வேணு அதன் தலைவரானார். தனிமனிதர்களாக இவர்களில் பலர் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதில் ஐயமில்லை. சிலர் தம் கைப்பணத்தை இட்டும் விழாவைக் காத்திருக்கலாம். குறை அவர்களுடைய குணத்தில் இல்லை. அந்த அவையின் அமைப்பில் இருக்கிறது. புதியவர்களை இருப்பவர்களே அழைத்துக்கொள்ளும் அவை அது. ஆட்சித்திறன் மிக்க ஒருவரைத் தலைமையில் அமர்த்தினால் சரக்குப் பெட்டிகள் காலத்தில் வந்து சேரலாம், கூரை ஒழுகாதிருக்கலாம். 2025 டிசம்பரில் தொடங்கிய ஆறாம் பதிப்பு முந்தையதைப் போல் தடுமாறவில்லை என்பதற்காக, அவையின் கதவு திறந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தமிழில் இவர்களுக்கு அறங்காவலர் என்று பெயர். சொத்தைக் காப்பவரை அறத்தைக் காப்பவராக்கிய பெருந்தன்மை நம் மொழிக்கு உரியது. புரவலர் என்ற சொல்லையும் நாம் தாராளமாக வழங்குகிறோம். அது தனியே வருவதில்லை, இரவலர் என்ற இணைச்சொல்லோடு வருவது என்பதைக் கவனிப்பதில்லை. அந்த உறவிலும்கூடப் பெருஞ்சித்திரனார் என்ற புலவர், தம்மை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வாங்க மறுத்தார். இன்றைய விழாக்களிலோ, காணாமல் கொடுப்பதுகூட இல்லை. காணவும் மறுத்து, கொடுக்கவும் தாமதித்து, நன்றியுரையை மட்டும் எதிர்பார்க்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

இது கொச்சிக்கு மட்டும் உரிய நோயன்று. சிட்னி பினாலேயை 1973இல் நிறுவிய தொழிலதிபரின் மகனே 2014இல் அதன் தலைவராக இருந்தார். குடும்ப நிறுவனத்தோடு தொடர்புடைய டிரான்ஸ்ஃபீல்ட், அகதிகளை அடைத்துவைக்கும் தீவு முகாம்களின் ஒப்பந்தத்தைப் பெற்றிருந்தது. கலைஞர்கள் விலகினார்கள், தலைவர் பதவி துறந்தார். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வாரன் காண்டர்ஸ் என்ற துணைத்தலைவரின் நிறுவனம் கண்ணீர்ப்புகைக் குண்டு விற்றது. எல்லையில் அகதிகள் மீது அது வீசப்பட்ட படங்கள் வெளியானதும், முதலில் கடிதம் எழுதியவர்கள் அருங்காட்சியக ஊழியர்கள், ஏறத்தாழ நூறு பேர். 2019 ஜூலையில் எட்டுக் கலைஞர்கள் பினாலேயிலிருந்து தம் படைப்புகளை எடுத்துவிடக் கோரிய பின்னரே அவர் விலகினார். இரண்டிடத்திலும் குழுவின் மனச்சான்று தானாக விழித்துக்கொள்ளவில்லை. சமூக அக்கறை பேசும் ஆக்கங்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தபோதே, அந்த அக்கறைக்கு நேரெதிரான வருமானம் மேசையின் தலைமாட்டில் அமர்ந்திருந்தது. கொச்சிக் குழுவில் கண்ணீர்ப்புகை வணிகர் எவரும் இல்லை. ஒப்புமை அதனைப் பற்றியதன்று. உழைப்பவர்கள் கூட்டாக எழுந்தாலன்றி மேசை அசையாது என்பதே அங்கிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

அப்படியானால் விழாவை அரசே எடுத்துக்கொள்ளட்டும் என்று சில தோழர்கள் சொல்லக்கூடும். அவசரமான முடிவு அது. மும்பைச் சர்வதேசத் திரைப்பட விழாவின் 2004ஆம் ஆண்டுப் பதிப்புக்கு இந்திய ஆவணப்படங்கள் தணிக்கைச் சான்றோடுதான் வர வேண்டும் என்று விதிக்க முயன்றபோது, அதை எதிர்த்து ஒன்றுதிரண்ட ஆவணப்படக்காரர்கள், விழா ஒதுக்கிய படங்களைச் சேர்த்து ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவைத் தாங்களே நடத்த வேண்டியிருந்தது. கோவா திரைப்பட விழாவில் 2017இல் என்ன நடந்தது? நடுவர் குழு தேர்ந்தெடுத்த ‘எஸ். துர்கா’, ‘நியூட்’ என்ற இரு படங்களை ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஒரு கையெழுத்தில் நீக்கியது. நடுவர் குழுத் தலைவர் சுஜய் கோஷ் பதவி விலகினார். ‘எஸ். துர்கா’வைத் திரையிடுமாறு கேரள உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும் படம் திரையிடப்படவில்லை. அமைச்சகத்தின் பிடியில் விழா சிக்கினால், ஆட்சி மாறும் நாளில் கலையும் மாற வேண்டியிருக்கும். இடது அரசு உள்ள மாநிலத்திலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எந்த அரசும் நிரந்தரமன்று, எல்லா இடது அமைச்சர்களும் கலையறிந்தவர்களும் அல்லர்.

மறுமுனையில் ஒரு முன்மாதிரி உண்டு. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில், யோகி ஆதித்யநாத்தின் கோட்டை என்று சொல்லப்படும் அதே ஊரில், 2006இல் ஜன் சன்ஸ்கிருதி மஞ்ச் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கியது. பகத்சிங் தூக்கிலிடப்பட்ட மார்ச் 23 அதன் தொடக்கத்துக்கு உரிய நாளாயிற்று. ‘எதிர்ப்பின் சினிமா’ என்ற பெயரில் அது பிற ஊர்களுக்கும் பரவியது. கார்ப்பரேட் நிதி வேண்டாம், அரசு நிதி வேண்டாம் என்பதே அதன் விதி. பார்க்க வருபவர்களிடம் உண்டியல் ஏந்திச் சேரும் சிறு தொகைகளில் விழா நடக்கிறது. உண்டியலில் பத்து ரூபாய் போட்டவர், படம் ஏன் தாமதம் என்று அமைப்பாளரின் முகத்துக்கு நேராகக் கேட்க முடிகிறது. ஆயினும் இம்முறையைக் கொச்சிக்கு அப்படியே பொருத்த முடியாது. திரைப்படம் ஒரு பெட்டிக்குள் அடங்கும்; பதினைந்தடி உயரச் சிற்பத்தைக் கடல்கடந்து கொண்டுவர உண்டியல் போதாது. பெரும்பணம் தேவைப்படும் விழாவில் பெரும்பணம் ஆளாமல் தடுப்பது எப்படி என்பதுதான் கடினமான பகுதி. அதற்கு ஆயத்த விடை எவரிடமும் இல்லை.

ஆனால் கேரள அரசின் கையில் ஒரு பிடி உண்டு, அதை அது பயன்படுத்தியதில்லை. விழாவின் தனிப்பெரும் ஆதரவாளர் அரசுதான். 2022 பதிப்புக்கு 7 கோடி ரூபாய் ஒதுக்கியது. கோடிகளைக் கொடுக்கும் அரசு, அக்கோடிகளோடு எந்த நிபந்தனையையும் அனுப்பாதது ஏன்? எந்தப் படைப்பு சுவரில் தொங்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது. அது பொறுப்பாளரின் உரிமை, அதில் அமைச்சரோ கட்சியோ தலையிட இடமில்லை. கூலி, பாதுகாப்பு, கணக்கு ஆகியவற்றில் நிபந்தனை விதிக்காமலிருப்பது பெருந்தன்மை ஆகாது, அது கைகழுவல். கட்டுமானப் பணியாளருக்கும் காட்சிக்கூட ஊழியருக்கும் கூலி சேர்ந்ததற்கான சான்று கிடைத்த பின்னரே இறுதித் தவணை விடுவிக்கப்பட வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவு, ஒப்பந்தம் பெற்றவர்களின் பெயர்களோடு, ஒவ்வொரு பதிப்பும் முடிந்து குறித்த காலத்துக்குள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அறங்காவலர் குழுவில், பங்கேற்ற கலைஞர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கும் ஒருவரும், தொழிற்சங்கங்கள் அனுப்பும் ஒருவரும், ஃபோர்ட் கொச்சி–மட்டாஞ்சேரி மக்களின் சார்பாக உள்ளூராட்சி உறுப்பினர் ஒருவரும் வாக்குரிமையோடு அமர வேண்டும். அலங்காரத்துக்கு அமர்த்தும் ‘சிறப்பு அழைப்பாளர்’ இருக்கை இங்கே செல்லாது.

இதற்கு எழும் மறுப்புகளில் ஒன்று மட்டும் கனமானது. விழாவை வெறுக்கும் வலதுசாரிகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுப்பணம் பாழ் என்று கூச்சலிட அவர்களுக்கு ஒரு காரணம் போதும். இந்நேரத்தில் உள்ளிருந்து குறை சொல்லலாமா? இந்த அச்சம் பொய்யானதன்று. நாடெங்கும் ஓவியம், நாடகம், திரைப்படம் எல்லாவற்றின் மீதும் கும்பல்கள் பாய்கின்றன. ஆனால் 1989 ஜனவரி முதல் நாளன்று சாஹிபாபாத்தில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் உயிர்நீத்த சஃப்தர் ஹாஷ்மி, தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளைச் சுற்றித்தான் அந்நாடகத்தைக் கட்டியிருந்தார். அவர் மாண்ட மூன்றாம் நாள் மாலாஸ்ரீ தலைமையில் குழு அதே இடத்துக்குத் திரும்பி நாடகத்தை முடித்தபோது, திரண்டு வந்து காவலாக நின்றவர்கள் தொழிலாளர்கள். கலையைக் கும்பலிடமிருந்து காக்கப் போகிறவர்கள் யார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தன் கூலிக்காக மாதக்கணக்கில் அலைய வைத்த விழாவின் வாசலில், அது தாக்கப்படும் நாளில், மட்டாஞ்சேரித் தச்சர் ஏன் வந்து நிற்க வேண்டும்?

கேரளக் கட்டுமானத் தளங்களில் இன்று வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் மிகுதி. கேரள அரசு அவர்களை ‘அதிதி தொழிலாளி’, விருந்தாளித் தொழிலாளி என்று அழைக்கிறது. நல்ல சொல்தான். விழாவின் விருந்தினர் பட்டியலிலும் அதே சொல் இருக்கிறது. அங்கே அதன் பொருள் விமானச்சீட்டு, தங்கும் விடுதி, திறப்பு விழாவில் முன்வரிசை.

ஒரு பதிப்பு முடிந்து பந்தல்கள் பிரிக்கப்படும் நாள்களில்தான் அடுத்ததற்கான திட்டங்கள் எழுதப்படுகின்றன. அந்நாள்களில் பத்திரிகையாளர்கள் அங்கே இருப்பதில்லை; கம்பிகளையும் பலகைகளையும் இறக்குபவர்கள் இருக்கிறார்கள். எர்ணாகுளம் மாவட்டத்தின் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் அங்கே சென்று, யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், யார் கையிலிருந்து எவ்வளவு பெற்றார்கள், எவ்வளவு பாக்கி என்று ஆளுக்கு ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். அந்தப் பட்டியல் பண்பாட்டுத்துறைக்கும் அறக்கட்டளைக்கும் ஒரே நாளில் போய்ச் சேரட்டும்.